நடுவர் அத்தான்

என் அக்காவின் புருஷனை எல்லாரும் நடுவர் என்றுதான் சொல்வார்கள். கடைக்கு வருகிறவர்கள், மாடி வீட்டுக்காரர், தபால்காரர், ஏன், என் அக்காவே கூட "நடுவர் சாப்பிட்டாச்சான்னு கேளு" என்றுதான் சொல்வாள். மற்றவர்கள் சொல்வதில் மரியாதை இருக்கும். அக்கா சொல்லும்போது கேட்டால்தான் அந்தப் பட்டத்தின் யோக்கியதை தெரியும். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுகிறேன். முறை அது, அவ்வளவுதான்.

பிழைப்புக்கு அவர் கேடயக் கடை வைத்திருக்கிறார். கோப்பை, கேடயம், பதக்கம், எதுவானாலும் கிடைக்கும். பிளாஸ்டிக் கோப்பைக்குத் தங்கம் மாதிரி ஒரு பூச்சு, அடியில் பளிங்கு மாதிரி ஒரு கட்டை, கட்டையில் ஒட்ட ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் எழுத்து வெட்டுகிற மெஷின் என் பொறுப்பு. கடையின் பின்பக்கத் தடுப்புக்குள் நானும் அதுவும் பகல் முழுக்க உட்கார்ந்திருப்போம். ஊசி கரகரவென்று தகட்டைச் சுரண்டினாலும் முன்பக்கம் அவர் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்கும். கேட்காமல் இருந்தால் என் ஆயுசு கொஞ்சம் கூடியிருக்கும்.

ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் வந்தார். ஓட்டப்பந்தயத்தில் இரண்டு பிள்ளைகள் கிட்டத்தட்ட ஒன்றாகக் கோட்டைத் தொட்டுவிட்டார்களாம், யாருக்கு முதல் பரிசு கொடுப்பதென்று குழப்பமாம். அத்தான் கண்ணை மூடித் திறந்து, "ரெண்டு பேருக்கும் முதல் பரிசே குடுத்துடுங்க சார், ரெண்டு பேரு மனசும் நோகாது பாருங்க" என்றார். வாத்தியார் உருகிப்போய் இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு போனார். கோட்டை முதலில் தொட்ட பிள்ளை யாரென்று அந்தப் பிள்ளைக்கே தெரிந்திருக்கும். அவனுடைய மனசு நோகுமா நோகாதா என்று இவர் கேட்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று அவரே ஒருநாள் பெருமையாகச் சொன்னார். அவருக்கு இரண்டு அண்ணன்கள். அப்பா போனதும் இருவரும் வீட்டுக்காக அடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். சின்னப் பையனான இவர் காலையில் இந்தப் பக்கம் போய்ப் பெரியண்ணன் சொல்வது நியாயம் என்பார், சாப்பாடு கிடைக்கும். மாலையில் அந்தப் பக்கம் போய்ச் சின்னண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பார், அங்கேயும் கிடைக்கும். "ரெண்டு பக்கமும் எனக்கு மரியாதை இருந்துச்சு" என்றார். சோறு என்று சொல்ல வேண்டியதை மரியாதை என்று சொல்லிவிட்டார், பாவம்.

அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாருக்கும் அவளுக்கும் அடுப்படியில் தினம் ஒரு பஞ்சாயத்து. யார் முதலில் குளிப்பது, பாலை யார் காய்ச்சுவது என்று அற்ப விஷயங்கள்தான். அக்கா இவரிடம் வந்து சொல்வாள். இவர் இருவரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, "அம்மா சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் அடுப்படியில் என்ன நடக்கும் என்பது அவருடைய அதிகாரத்துக்கு வெளியே. கொஞ்ச நாளில் அக்கா அவரிடம் எதையும் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் சண்டையே இல்லை என்று இவர் வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் காவிய மன்றத்தில் நிரந்தர நடுவர் நாற்காலி. சனிக்கிழமை மாலைகளில் ஒரு வங்கிக்கு மேல்மாடியில் இருக்கும் கூடத்தில் மன்றம் கூடும். பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சிடும் மைக், மேசைமேல் ஒரு சின்ன மணி. பழைய காவியங்களிலிருந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு இரண்டு அணி மோதும். மனைவியைச் சூதில் வைத்தவன் குற்றம் பெரிதா, அதைப் பார்த்துக்கொண்டு சபையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் குற்றம் பெரிதா? ஊரில் எவனோ பேசினான் என்று பிள்ளைத்தாய்ச்சி மனைவியைக் காட்டுக்கு அனுப்பிய அரசன் செய்தது ராஜதர்மமா? கடைசிச் சுற்று அத்தானின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் இரு அணியும் பக்கம் மாறிப் பேச வேண்டும். இதுவரை எதிர்த்தவன் ஆதரிக்க வேண்டும், ஆதரித்தவன் எதிர்க்க வேண்டும். நேரம் முடிந்தால் மணி அடிப்பார். பிறகு எழுந்து, "அரசனாக அவன் செய்தது சரி, கணவனாக அவன் செய்தது தவறு" என்பார். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். யாரும் தோற்காமல் வீட்டுக்குப் போவார்கள், காட்டுக்குப் போனவளைத் தவிர.

நானும் சில தடவை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். சூதாட்டச் சபையில் அந்த ராணி ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாள். தன்னையே தோற்றுவிட்ட மனுஷனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்கிறாள். ஆமாம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். அந்தச் சபையில் இருந்தவர்களுக்கு வில் தெரியும், சாஸ்திரம் தெரியும், எத்தனையோ சபதம் தெரியும், இந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. இருக்கிறதிலேயே மூத்த கிழவர் இது நுணுக்கமான சங்கதி என்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அத்தானுக்கு இரண்டு காவியத்திலும் ரொம்பப் பிடித்த ஆள் அந்தக் கிழவர்தான். எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

மன்றம் வருஷாவருஷம் அவருக்கு ஒரு கேடயம் கொடுக்கும். ஆர்டர் எங்கள் கடைக்கே வரும். 'நீதியின் குரல்', 'அறத்தின் தராசு' என்று வாசகத்தைச் சொல்பவர் அவரே, வெட்டுகிறவள் நான். மேடையில் அதை வாங்கும்போது மட்டும் முதல் தடவையாகப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். வீட்டுக் கூடத்தில் அதற்கென்றே ஒரு கண்ணாடி அலமாரி. அக்கா அதைத் துடைப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தாள்.

இவர்களுக்கு ஒரே மகள். என் தோளில் வளர்ந்த பெண். மருந்து மொத்த வியாபாரக் குடோன் ஒன்றில் வேலை பார்க்கிறாள், பெட்டிகளின் தேதி பார்த்துப் பிரித்து அடுக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. ஏசி விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும் அக்கா எதுவும் கேட்காமல் பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

விஷயம் இதுதான். குடோன் வேலை முடியும் நேரத்தில் பஸ் கிடையாது. குடோன் மேலாளர் தன் காரில் போகிற வழியில் இவளையும் வேறு பெண்களையும் இறக்கிவிட்டுப் போவார். இவள் காரிலிருந்து இறங்குவதை மாப்பிள்ளையின் ஆபீஸ்காரன் எவனோ பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் நாலு பேர் நடுவில், "உன் வீட்டம்மாவுக்குக் கார் யோகம்பா" என்று சிரித்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்தது சனி. வேலையை விடு என்றார் மாப்பிள்ளை. விட்டால் போதாது, என் அண்ணன் வீட்டில் எல்லார் முன்னாடியும் வந்து மன்னிப்புக் கேள் என்றார். என்ன தப்புக்கு மன்னிப்பு என்று இவள் கேட்டதற்கு, தப்பு இருக்கோ இல்லையோ கேள் என்றாராம்.

"நான் போக மாட்டேன் சித்தி. அப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், என் பொண்ணு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, அவ இங்கதான் இருப்பான்னு. அது போதும்" என்றாள் என்னிடம். அவள் கேட்டது வேறொன்றும் இல்லை. சொத்தில் பங்கு கேட்கவில்லை, மாப்பிள்ளையை உதைக்கச் சொல்லவில்லை.

அத்தான் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "ரெண்டு தரப்பையும் விசாரிக்கணும்மா. ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டுப் பேசினா அது நீதி ஆகாது" என்றார். பெற்ற மகள் ஒரு தரப்பு ஆகிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தான், இது மன்றம் இல்ல, வீடு" என்றேன். "அதனாலதான் இன்னும் கவனமா செய்யணும்" என்றார். இதற்கு மேல் அந்த மனுஷனிடம் என்னத்தைப் பேச?

அடுத்த ஞாயிறு மத்தியானம் விசாரணை. மாப்பிள்ளை தன் அண்ணனோடு வந்தார். அது போதாதென்று அத்தான் மன்றத்துச் செயலாளரையும், முன்வரிசையில் உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் கைதட்டும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவரையும் கூப்பிட்டு வைத்திருந்தார். பொதுவான மனுஷர்கள் இருந்தால் நல்லதாம். கேட்க ஆள் இல்லாவிட்டால் அவருக்கு வாயில் வார்த்தை வராது என்பதுதான் நிஜம். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டார். நடுவில் தனக்கு ஒன்று. மன்றத்து மணியைத் துணிப்பையிலிருந்து எடுத்து ஸ்டூல்மேல் வைத்தபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா அடுப்படி நிலைக்கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதல் சுற்றில் இருவரும் அவரவர் பக்கத்தைச் சொன்னார்கள். மாப்பிள்ளை மானம், குடும்பம், நாலு பேர் என்று திரும்பத் திரும்ப அதையே அரைத்தார். மகள் பஸ் இல்லாததைச் சொன்னாள், மற்றப் பெண்கள் முன்னாலேயே இறங்கிவிடுவதைச் சொன்னாள். அத்தான் இருவருக்கும் ஒரே அளவு தலையாட்டினார். பிறகுதான் உலகத்தில் வேறு எந்தத் தகப்பனுக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

"இப்ப பக்கம் மாத்திப் பேசுங்க" என்றார்.

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. செயலாளர் மகிழ்ச்சியாக விளக்கினார். நீங்கள் உங்கள் மனைவியாக இருந்து பேச வேண்டும், அவர் நீங்களாக இருந்து பேசுவார், எங்கள் மன்றத்தில் இது ரொம்பப் பிரபலம் என்றார். மாப்பிள்ளையின் அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். மகள் அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சின்ன வயதில் அந்த மேடையில் ஏறிப் பேசிப் பழகியவள் அவள். எழுந்து நின்றாள்.

"நான் இவளோட வீட்டுக்காரன்" என்று நிதானமாக ஆரம்பித்தாள். "எனக்கு இவ மேல கோபம் கூட இல்ல. ஆபீஸ்ல ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். அவன்கிட்ட வாயை மூடுன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. அவன் என்னை விடப் பெரிய வேலையில இருக்கான். அந்தக் கோபத்தை எங்கயாவது எறக்கணும். ஏன்னு கேக்க ஆள் இல்லாதவளா எனக்குக் கெடச்சது இவதான்."

வங்கிக்காரர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் காது சிவந்துவிட்டது. பதிலுக்கு நானும் பேசிக் காட்டுகிறேன் என்கிற வேகத்தில் எழுந்தார்.

"நான் வேலைக்குப் போறேன்" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு தடவை நிறுத்தினார். "வேலை முடிஞ்சா பஸ் கெடையாது. அதனால கார்ல வர்றேன். பின்னாடி சீட்லதான் உக்காருவேன். மடியில பையை வச்சுக்கிட்டு ஜன்னல்ல தலையைச் சாச்சுத் தூங்கிட்டே வருவேன். அந்த ஆள் முன்னாடி திரும்பிப் பார்க்காம ஓட்டிட்டு வருவார். தெருமுனையில நிறுத்தி, ஹாரன் அடிச்சு என்னை எழுப்புவார். தேங்க்ஸ் சொல்லிட்டு எறங்கிடுவேன். அவ்வளவுதான். அதுல என்ன தப்பு இருக்கு?"

அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. பின்சீட்டில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குவதை மகள் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் கூடச் சொன்னதில்லை.

"நீங்க பின்னாடியே வந்து பார்த்தீங்களா?" என்று மகள் கேட்டாள். குரல் ஏறவே இல்லை. "பார்த்துட்டு, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச அப்புறமும் மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்களா?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவருடைய அண்ணன் தம்பியைப் பார்த்தார். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடத் தீர்ப்பு விளங்கியிருக்கும்.

அத்தான் மணி அடித்தார்.

"குறுக்கே பேசக் கூடாதும்மா. அவரு நேரத்துல நீ பேசுற" என்றார்.

நான் அந்த மணியைப் பிடுங்கித் தெருவில் எறியப் போனேன். அக்கா கண்ணாலேயே என்னை நிறுத்தினாள். அத்தான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புக்கு வந்தார். இரு தரப்பு வாதமும் மிக அருமை என்றார். கணவன் என்ற முறையில் மாப்பிள்ளைக்கு மனைவிமேல் முழு நம்பிக்கை இருப்பது இப்போது நிரூபணமாகிவிட்டது, அது அவருக்குப் பெருமை என்றார். அதே சமயம் நாலு பேருக்கு நடுவில் வாழ்கிறவர் என்ற முறையில் அவருடைய கவலையிலும் நியாயம் இருக்கிறது என்றார். ஆகவே மகள் கொஞ்ச காலம் வேலையை விட்டுவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போகட்டும், மன்னிப்பு என்ற பேச்சை மாப்பிள்ளையும் விட்டுவிடட்டும், இருவருக்கும் சமமாகப் பாதி வெற்றி என்றார். வேவு பார்த்தவனுக்குப் பெருமை, வேவு பார்க்கப்பட்டவளுக்கு வேலை போச்சு. இதற்குப் பெயர் சமம். வழவழ கொழகொழவென்று பேசுகிறவர் என்றுதான் அதுவரை அவரைப்பற்றி நினைத்திருந்தேன். இப்படி வழித்துத் துடைத்து அநியாயம் செய்யவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்பா" என்றாள் மகள். "நீங்க என்னை நம்புறீங்களா? ஆமா இல்ல, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு நான் ஒரு பக்கமா பேசக் கூடாதும்மா. நான் நடுவர்."

"சரி. அப்ப எங்கப்பாவைக் கூப்பிடுங்க."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு செயலாளரைப் பார்த்தார், இதற்கு விதி ஏதாவது இருக்கிறதா என்பது போல. செயலாளர் அலமாரியைப் பார்த்தார். மகள் காத்திருந்தாள். ரொம்ப நேரம் நின்றாள். யாரும் வரவில்லை. அப்புறம் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து, "சித்தி, உங்க ரூம்ல எடம் இருக்கா?" என்றாள். பையை வாங்கிக்கொண்டேன்.

அக்கா நிலைக்கதவை விட்டு நகர்ந்து கூடத்துக்கு வந்தாள். "காபி போடல. எல்லாரும் கெளம்புங்க" என்றாள். பிறகு மகளுடைய தலையணையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அந்த வீட்டில் அவள் சொன்ன ஒரே தீர்ப்பு அதுதான், அதை யாரும் மறுபரிசீலனைக்குக் கேட்கவில்லை.

நான் தையல்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறேன். இரண்டு பேர் படுத்தால் கதவைத் திறக்க முடியாது. அவள் அங்கிருந்தே வேலைக்குப் போய் வந்தாள். மாப்பிள்ளை ஒரு தடவை போன் செய்தார், அவள் எடுத்து, "எனக்கு யோசிக்க ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். நான் மறுநாள் வழக்கம்போல் கடைக்குப் போனேன், பிழைப்பு இருக்கிறதே. அத்தானோடு பேசவில்லை. வெட்ட வேண்டிய பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் தடுப்புக்கு மேலாக நீட்டுவார், வெட்டி நீட்டுவேன். அவர் இளைத்துப் போயிருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் என் மாடிப்படி ஏறி வந்தார். மகள்தான் கதவைத் திறந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் வேறு யாரும் இல்லையே என்று ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"நான் உன்னை நம்பாம இல்லம்மா" என்றார். "அன்னைக்கு இல்ல, நீ பையோட வந்து நின்ன நிமிஷமே எனக்குத் தெரியும், உன் மேல தப்பு இல்லன்னு. சத்தியமா தெரியும்."

அவர் கண்ணில் தண்ணீர். அது பொய்யில்லை. மகளின் முகம் லேசாகியதை நான் பார்த்தேன். அவள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக்கூட ஒரு நொடி மனசு இளகித்தான் போனது.

"இதை அன்னைக்கு வந்தவங்க முன்னாடி சொல்லுங்கப்பா" என்றாள். "அவரு, அவங்க அண்ணன், உங்க மன்றத்துக்காரங்க, அதே நாலு பேரு. நீங்க அந்த நாற்காலியிலயே உக்காந்து சொன்னாலும் சரி. சொல்றேன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா இப்பவே உங்க கூட வீட்டுக்கு வந்துடுறேன்."

அத்தான் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"அது எப்படிம்மா?" என்றார். "தீர்ப்பு சொன்ன அப்புறம் மாத்திச் சொன்னா, நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?"

குற்றமில்லை என்று தெரிந்தே மனைவியைக் காட்டுக்கு அனுப்பிய அந்த அரசனுக்காவது ஆள ஒரு நாடு இருந்தது, கேட்க ஒரு குடிமக்கள் கூட்டம் இருந்தது. இந்த மனுஷனுக்கு இருந்தது செயலாளரும் ஒரு கைதட்டியும். அதற்கே மகளை விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறார்.

என்னிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள், அதுவரை அப்பா என்று கூப்பிட்ட பெண். "படி இருட்டா இருக்கும், பார்த்து எறங்குங்க."